சாட்சிக்குக் காவல்

குற்றத்தை நீதிபதி நேரிற் கண்டவர் அல்லர். கண்டவர் ஒருவர் வந்து கூறினாலன்றி உண்மை அவர் முன் நிற்பதில்லை. அங்ஙனம் கண்டு கூறுபவரே சாட்சி. அவர் அஞ்சி வாய் மூடினால் நீதி என்னாகும்?

மாணவர்களே, களமருதூர் போன்றதொரு சிற்றூரை எண்ணிப் பாருங்கள். குற்றம் செய்தவனும் அதனைக் கண்டவனும் ஒரே தெருவில் வாழக்கூடும். ஒருவன் நிலத்தில் மற்றவன் கூலியாளாகவும் இருக்கலாம். வழக்கோ ஆண்டுக் கணக்கில் நீளும். இதற்கிடையில் மிரட்டலுக்கு ஆளாகி, காவலரிடம் கூறியதை நீதிமன்றத்தில் மறுப்பவர் உளர். அவரைப் பிறழ்சாட்சி என்பர்.

அஞ்சாது நின்றவர்களும் உண்டு. நம் கல்வராயன் மலைக்கு அண்மையிலுள்ள சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் ஊர் உள்ளது. 1992 ஜூன் 20-இல் சந்தனக்கட்டை தேடி வந்த அரசு அலுவலர்கள் அங்குள்ள மலைவாழ் மக்களைக் கொடுமைப்படுத்தினர். பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அம்மக்கள் அளித்த சாட்சியத்தால், 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

அங்கே ஊரே ஒன்றாய் நின்றது. தனித்து நிற்கும் சாட்சிக்கு யார் துணை? மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டமொன்றை ஏற்று, சட்டம் இயற்றப்படும் வரை அதுவே நாடெங்கும் சட்டமாகும் என்றது. இதன்படி மாவட்ட அமர்வு நீதிபதியின் தலைமையில் அமைந்த குழுவிடம் சாட்சி விண்ணப்பிக்கலாம். காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி ஐந்து வேலை நாள்களில் ஆபத்தை ஆராய்ந்து அறிக்கை தருவார். உயிருக்கு ஆபத்து, உடைமைக்கோ நற்பெயருக்கோ ஊறு, வெறும் தொல்லை என அதனை மூவகையாகப் பகுப்பர். அதற்கேற்ப வீட்டுக்குக் காவல், நீதிமன்றத்துக்கு வழித்துணை, குற்றஞ்சாட்டப்பட்டவரை நேர்முகம் காணாதபடி விசாரணை, இடமாற்றம், இன்றியமையாதவிடத்துப் பெயர் மாற்றம் வரை அளிக்கப்படும்.

வாச்சாத்தியில் குற்றவாளிகளே அரசு அலுவலர்கள் என்பதை நினைத்தால், இக்குழுவின் தலைமை நீதிபதியிடம் இருப்பதன் அருமை விளங்கும். எனினும் பாதுகாப்பு ஒரு முறைக்கு மூன்று மாதத்திற்கு மேற்படுவதில்லை. தேவை நீடித்தால் மீண்டும் கேட்டல் வேண்டும். வழக்குகளின் நீளத்திற்கு இஃது எங்ஙனம் போதும்?

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சங்கிதையின் 398-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை வகுத்து அறிவித்தல் வேண்டும் என்கிறது. ஆயினும் விண்ணப்பிக்கலாம் என்பதை அறியாதவனுக்குத் திட்டம் இருந்தும் பயனில்லை. எழுத்தறிந்த நீங்கள் அதனை உங்கள் ஊரார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.