வீட்டிலேயே பழ ஐஸ் செய்வோம்

உச்சி வெயிலில் ஐஸ்கிரீம் விற்பவரின் மணியோசை கேட்டதும் பிள்ளைகள் சில்லறைக் காசுடன் ஓடி வருவது தோட்டப்புறங்களில் நாம் நன்கறிந்த காட்சியாகும். குளிர்ச்சியான பண்டத்தை நாடுவது குற்றமன்று. ஆயினும், அதில் எவ்வளவு சீனி உள்ளது, எந்த நீரால் அது செய்யப்பட்டது என்பவற்றை வாங்கும் தாய்மார்கள் அறிய வழியில்லை. அதனையே வீட்டில் செய்தால் இவ்விரண்டும் நம் கையில் இருக்கும்.

சீனியைப் பற்றி நாம் கவலை கொள்ளக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். மிகக் குளிர்ந்த பண்டத்தில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். ஆகவே, ஐஸ் இனிக்க வேண்டுமாயின் சீனியை அதிகமாகச் சேர்க்க வேண்டியுள்ளது. நன்கு கனிந்த பழத்தைப் பயன்படுத்தினால் அத்தேவை பெரிதும் குறையும்.

கொய்யாப்பழ ஐஸ்

கனிந்த கொய்யாப்பழம் நான்கினைக் கழுவித் துண்டுகளாக நறுக்குக. இரண்டு கோப்பை நீர் ஊற்றி, பழம் குழையும் வரை கொதிக்க வைத்து, மத்தால் கடைந்து, விதை நீங்க வடிகட்டுக. இரண்டு மேசைக்கரண்டி சீனி கலந்து, மூடி வைத்து ஆறவிடுக. ஆறியபின் அரை எலுமிச்சையின் சாற்றைச் சேர்த்து, கடையில் விற்கும் நீளமான ஐஸ் பிளாஸ்டிக் பைகளில் புனல் கொண்டு ஊற்றுக. ஏழெட்டுப் பைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் நாம் சேர்த்த சீனி ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே.

பையை விளிம்புவரை நிரப்பலாகாது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். இடம் விடாவிட்டால் பை வெடித்துவிடும். இரண்டு விரற்கடை இடம் விட்டுக் கட்டி, ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்திருந்தால் போதும்.

ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில்

வாங்கிய ஐஸ்கட்டியை உடைத்து, மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு என்ற அளவில் வாளியில் அடுக்குக. பழச்சாற்றைச் சிறிய எவர்சில்வர் டப்பாக்களில் ஊற்றி, இறுக மூடி, அதனுள் புதைத்து, வாளியைக் கோணிச் சாக்கால் சுற்றுக. உப்புப் பட்ட ஐஸ் விரைந்து உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது டப்பாவிலிருந்து இழுத்துக்கொள்வதால், உள்ளிருக்கும் சாறு உறைகிறது. அந்த உப்பு நீர் சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்தது; வெறுங்கையை அதில் வைத்திருக்கலாகாது. மீன் பதப்படுத்தும் ஐஸை வெளியே வைக்கலாமேயன்றி, பானத்தில் போடலாகாது.

கடைந்த பழப்பானம்

மின்சார அரைப்பான் இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. கனிந்த வாழைப்பழம் ஒன்றினை முட்கரண்டியால் நன்கு மசித்து, காய்ச்சிக் குளிரவைத்த பால் ஒரு கோப்பை சேர்த்து, மத்தால் நுரை வரக் கடைந்தால் சத்தான பானம் தயார். சீனி வேண்டாம். பப்பாளியையோ அன்னாசியையோ பாலுடன் கலந்தால் உடனே அருந்திவிட வேண்டும். இப்பழங்களில் உள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைப்பதால், நேரம் செல்லச் செல்லப் பானம் கசக்கும்.

மறவாதிருக்க வேண்டியவை

உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. குளிரில் கிருமிகள் பல உறங்கிக் கிடக்குமேயன்றி மடிவதில்லை. வயிற்றின் வெதுவெதுப்பில் மீண்டும் விழித்தெழும். வாந்தி பேதியும் டைபாய்டு காய்ச்சலும் நீர் வழியாகவும் ஐஸ் வழியாகவும் பரவக்கூடும். எனவே, ஆற்றுநீரோ குழாய்நீரோ, எதுவாயினும் கொதிக்க வைத்தே பயன்படுத்துக.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் திராவகம் இருந்த போத்தல், கலன் ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் சமையலறைக்குக் கொண்டு வரலாகாது. புளிப்புச் சாற்றை அலுமினியப் பாத்திரத்தில் வைத்திருப்பதையும் தவிர்த்திடுக. ஒரு முறை உருகிய ஐஸை மறுபடியும் உறைய வைக்க வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தப் பானத்திலும் தேன் சேர்க்கலாகாது.

வேலியோரத்துக் கொய்யாவும் கொல்லைப்புறத்து வாழையும் பழுத்துக் கீழே விழுந்து வீணாகும் தோட்டங்கள் பல. அப்பழங்களே பிள்ளைகளின் குளிர்பண்டமாகட்டும். வரும் விடுமுறை நாளில் பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். நீரைக் கொதிக்க வைப்பது ஏன் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஐஸ் கரைந்துவிடும், அந்தப் பழக்கம் அவர்களிடம் நிலைத்து நிற்கும்.