கலா (இசைத்தொகுப்பு)

கலா என்பது ஈழத்தமிழ்ப் பின்னணியைக் கொண்ட பிரித்தானியப் பாடகி மாயா அருள்பிரகாசத்தின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இவர் எம்.ஐ.ஏ. என்னும் மேடைப்பெயரால் அறியப்படுகிறார். 12 பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பை இலண்டனைச் சேர்ந்த சுயாதீன நிறுவனமான எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் 2007 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்டது. தமிழ்நாட்டு உறுமி மேளம், இந்தியத் திரையிசை, ஹிப் ஹொப், ராக், மின்னணு நடன இசை ஆகியன இதில் ஒன்றிணைகின்றன.

பெயர்

2005 இல் வெளிவந்த முதல் தொகுப்பான அருளர், மாயாவின் தந்தையினுடைய இயக்கப்பெயரைக் கொண்டது. இரண்டாவது தொகுப்புக்குத் தாயாரின் பெயர் இடப்பட்டது.

பின்னணி

மாயா 1975 இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போர் காரணமாக 1980களின் நடுப்பகுதியில் தாயாருடன் ஏதிலியாக மீண்டும் இலண்டன் சென்றார்.

இத்தொகுப்பை ஐக்கிய அமெரிக்காவில் இசையமைப்பாளர் டிம்பலாண்டுடன் உருவாக்கவே முதலில் திட்டமிடப்பட்டது. எனினும் 2006 இல் அந்நாட்டு விசா உரிய காலத்தில் கிடைக்கவில்லை. எனவே இந்தியா, திரினிடாட், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று பாடல்கள் பதிவு செய்யப்பட்டன. பிரித்தானியத் தயாரிப்பாளர் சுவிட்ச் பெரும்பாலான பாடல்களில் உடன் பணியாற்றினார். டிம்பலாண்டின் பங்கு இறுதிப் பாடலோடு நின்றது.

இசை

உறுமி, நடு ஒடுங்கிய உடலையும் இரு தோல் முகங்களையும் கொண்ட தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது உறுமல் போன்ற ஒலி எழும். மறுமுகத்தில் குச்சியால் அடித்துத் தாளம் இசைக்கப்படும். கோயில் திருவிழாக்களிலும் இறப்புச் சடங்குகளிலும் ஒலிக்கும் இக்கருவி, "பேர்ட் புளூ", "பாய்ஸ்" ஆகிய பாடல்களில் அடிப்படைத் தாளமாகவே அமைந்துள்ளது. மேற்கத்திய பாடல்களில் ஆசிய இசைக்கருவிகள் பெரும்பாலும் அலங்காரமாகவே வந்துபோகும். இங்கு அந்நிலை தலைகீழாகிறது.

பழைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது ஹிப் ஹொப் இசையின் முதன்மையான உத்திகளுள் ஒன்று. இதற்கு மாதிரியெடுத்தல் என்று பெயர். இத்தொகுப்பில் அவ்வாறும் பிற வழிகளிலும் எடுத்தாளப்பட்டவற்றுள் சில:

- "பம்பூ பங்கா": தளபதி (1991) திரைப்படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாடலொன்றின் பகுதி
- "பேர்ட் புளூ": ஜெயம் (2003) திரைப்படத்துக்கு ஆர். பி. பட்நாயக் இசையமைத்த பாடலொன்றின் பகுதி
- "ஜிம்மி": டிஸ்கோ டான்சர் (1982) இந்தித் திரைப்படத்துக்கு பப்பி லகிரி இசையமைத்த பாடலின் மறுவடிவம்
- "மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்": ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் வில்கேனியா மாப் குழு பாடிய ராப் பாடலின் மறுகலவை

பேப்பர் பிளேன்ஸ்

தொகுப்பில் மிகவும் புகழ்பெற்ற பாடல் இதுவே. இங்கிலாந்தின் பங்க் ராக் குழுவான தி கிளாஷ் 1982 இல் வெளியிட்ட "ஸ்ட்ரெயிட் டு ஹெல்" பாடலின் கிட்டார் இசை இதற்கு அடித்தளம். அப்பழைய பாடலும் குடியேறியவர்கள் புறக்கணிக்கப்படுவதைப் பற்றியதே.

பல்லவியில் சில சொற்களின் இடத்தைத் துப்பாக்கிச் சூட்டு ஒலியும் கடைப் பணப்பெட்டியின் ஒலியும் நிரப்புகின்றன. குடியேறியவர்கள் வன்முறையாளர்கள், பணத்துக்காக மட்டுமே வந்தவர்கள் என்ற பொதுப்பார்வையை இப்பாடல் எள்ளி நகையாடுகிறது. விசா தொடர்பான அலைச்சலே இதற்குத் தூண்டுதல் என்று மாயா கூறியுள்ளார். ஆயினும் துப்பாக்கி ஒலி நேர்ப்பொருளில் கொள்ளப்பட்டு விமர்சனத்துக்கு உள்ளானது. எம்டிவி தொலைக்காட்சி அவ்வொலியை மாற்றி ஒளிபரப்பியது.

வரவேற்பு

ரோலிங் ஸ்டோன் இதழ் கலாவை 2007 ஆம் ஆண்டின் சிறந்த தொகுப்பாகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவின் பில்போர்ட் 200 பட்டியலில் இது 18 ஆம் இடத்தைப் பெற்றது. பைனாப்பிள் எக்ஸ்பிரஸ் படத்தின் முன்னோட்டத்திலும் சிலம்டாக் மில்லியனர் (2008) படத்திலும் ஒலித்த "பேப்பர் பிளேன்ஸ்", 2008 இல் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 4 ஆம் இடத்தை எட்டியது. 2009 கிராமி விருதுகளில், ஆண்டின் சிறந்த பதிவுக்கான விருதுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது. விசா கிடைக்காததால் வேறு நாடுகளில் உருவான தொகுப்பின் பாடல், அவ்வாறு ஐக்கிய அமெரிக்காவிலேயே பெரும் வெற்றி பெற்றது.