இரும்புக்கையின் தொடர்ச்சி: தமிழ்ச் சித்திரக்கதைகளின் ஓவிய நுண்கூறுகளை மூலபாட ஆய்வு நோக்கில் வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளில் ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையில், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் தோன்றும் முரண்கள் பெரும்பாலும் பிழைகளாகவே ஒதுக்கப்படுகின்றன. தமிழில் 1972 முதல் வெளிவந்த ‘இரும்புக்கை மாயாவி’ கதைகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அம்முரண்கள் ஒரு பனுவல் எவ்வாறு உருவாகிக் கைமாறி வந்தது என்பதைக் காட்டும் தடயங்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்ட பதிப்பாசிரியர்களின் முறை இவ்வாசிப்புக்கு ஏற்றதாகிறது என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சித்திரக்கதை, தொடர்ச்சி, மூலபாட ஆய்வு, இரும்புக்கை மாயாவி, வேதாளர், உறுப்பிழப்பு

முன்னுரை

1962ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஹல்க்’ முதல் இதழில் நாயகனின் உடல் சாம்பல் நிறம். அச்சில் அந்நிறம் பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டுத் தெரிந்தமையால் இரண்டாம் இதழிலேயே அவன் பச்சையானான். அச்சுக்கூடத்தின் இடர்ப்பாடு ஒரு பாத்திரத்தின் அடையாளமாயிற்று. பின்வந்த கதையாசிரியர்கள் அந்தச் சாம்பல் நிறத்தையும் கைவிடாமல், அதற்கொரு காரணம் கற்பித்துக் கதைக்குள் இழுத்துக்கொண்டனர். ‘தொடர்ச்சி’ எனச் சித்திரக்கதை வாசகர்கள் வழங்கும் கருத்தாக்கத்தின் இயல்பை இந்நிகழ்வு நன்கு காட்டுகிறது. தொடர்ச்சியை ஆசிரியர் ஒருவரே திட்டமிட்டு நெய்துவிடுவதில்லை. அச்சாளர், பதிப்பாளர், கூர்ந்து நோக்கும் வாசகர் ஆகியோரும் அதில் கைவைக்கின்றனர்.

அதே 1962இல் இத்தாலிய அறிஞர் உம்பர்ட்டோ எக்கோ சூப்பர்மேன் பற்றி எழுதிய கட்டுரையில், அந்நாயகன் காலத்தைச் செலவழிக்காதவன் என்றார். ஒவ்வொரு கதையும் முந்தைய கதையை மறந்துவிட்டே தொடங்குகிறது. அதனால் அவன் மூப்படைவதில்லை என்பது அவர் வாதம். இக்கருத்தைத் தமிழுக்குப் பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. தமிழில் வேரூன்றிய நாயகர்கள் பலர் அமெரிக்க வரவினர் அல்லர். இங்கிலாந்தின் வார இதழ்களிலிருந்து வந்தவர்கள். வாரத்தொடரில் காலம் ஓடிற்று, நாயகன் மாறினான். அத்தொடர்கள் தமிழில் தனித்தனி நூல்களானபோது அந்தக் காலம் எங்கே போயிற்று என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

நகமும் கையும்

லண்டனில் 1962 அக்டோபர் 6 அன்று தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில், கென் புல்மரின் கதையும் எசுப்பானிய ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோவின் ஓவியமுமாக ‘ஸ்டீல் கிளா’ தொடர் வெளிவந்தது. பின்னர் டாம் டல்லி கதைப்பொறுப்பை ஏற்றார். பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளனான லூயிஸ் கிராண்டல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து உலோகக்கை பொருத்திக்கொள்கிறான். உயர் மின்னழுத்தம் உடலில் பாயும்போது அவன் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் போகிறான். அந்த உலோகக்கை மட்டும் மறைவதில்லை.

சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் இக்கதையையே தன் முதல் வெளியீடாக்கியது. இந்தத் தலைப்பு மொழிபெயர்ப்பு என்ற அளவில் நின்றுவிடவில்லை. மூன்று முடிவுகள் அதனுள் உள்ளன. ஆங்கிலத் தலைப்பிலுள்ள சொல் விலங்கின் கூருகிரைக் குறிப்பது. தமிழ்த் தலைப்பு அதைக் ‘கை’ ஆக்கியது. எஃகு இரும்பாயிற்று. மூலத்தலைப்பில் இல்லாத ‘மாயாவி’ சேர்ந்தது.

இம்முடிவுகளுள் முதலாவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிளாஸ்கோ வரைந்தது உகிர் அன்று. ஐந்து விரல்களும் கணுக்கணுவாக மடங்கும் மூட்டுகளும் உடைய மனிதக் கை அது. ஆங்கிலத் தலைப்பு அச்சுறுத்தும் விலங்கைச் சொல்ல, ஓவியம் மனித உறுப்பொன்றைக் காட்டுகிறது. தலைப்புக்கும் படத்துக்கும் இடையே ஒரு விரிசல். தமிழ்த் தலைப்பு படத்தோடு நிற்கிறது. மொழிபெயர்ப்பு மூலத்தைவிட மூல ஓவியத்துக்கு நெருக்கமாக அமைந்த அரிய இடம் இது.

‘மாயாவி’ வேறொரு திசையில் செயற்படுகிறது. இராமாயணத்தில் வாலியோடு பொருது குகைக்குள் புகும் அசுரனின் பெயர் அது. முதற்கதையில் கிராண்டல் தன் ஆற்றலைக் குற்றச்செயலுக்கே பயன்படுத்துகிறான் என்பதை எண்ணினால், அந்த அசுரச் சாயல் பொருத்தமானதே. எனினும் அவன் பின்னர் ‘நிழற்படை’யின் உளவாளியாக மாறிய பிறகும் அதே பெயர் நீடித்தது. தமிழ் வாசகரிடத்தில் மாயாவி என்றாலே நல்லவன் என்னும் நிலை ஏற்பட்டதற்கு இந்த நீடிப்பு ஒரு காரணம்.

கட்டத்துக்குள் மூன்று கட்டுப்பாடுகள்

புலப்படாத மனிதனை வரைவது எப்படி? உரைநடையில் ஒரு வாக்கியம் போதும். ஓவியருக்கோ ஒவ்வொரு கட்டத்திலும் இது புதிய சிக்கல். உலோகக்கை மட்டும் வெளியில் மிதக்கிறது. உடல் இருக்கும் இடத்தை வாசகரே நிரப்பிக்கொள்ள வேண்டும். கை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வரையப்பட்டிருக்கிறதோ அதைக்கொண்டே நாயகன் நிற்கிறானா, குனிகிறானா, படுத்திருக்கிறானா என்பது பெறப்படும். பேச்சுக்குமிழின் வால் வெற்றிடத்தை நோக்கி நீளும்; அது முடியும் புள்ளியே வாய். குமிழை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் நாயகனின் உயரம் மாறிவிடும். தமிழ்ப் பதிப்பில் உரையாடலைப் புதிதாகப் பொறிப்பவர் குமிழின் வடிவை மாற்ற நேர்ந்தால், அவர் அறிந்தோ அறியாமலோ ஓவியத்தைத் திருத்தியவராகிறார்.

இரண்டாம் கட்டுப்பாடு மின்சாரம். நாயகன் நினைத்த மாத்திரத்தில் மறைய இயலாது, மின்னூட்டம் வேண்டும். சிறிது நேரத்தில் அதன் விளைவும் நீங்கிவிடும். எனவே மறைவு நிகழும் கட்டத்துக்கு முன்னரே சுவரில் ஒரு மின்செருகி, ஒரு கம்பி, ஒரு எந்திரம் எங்கேனும் வரையப்பட்டிருக்க வேண்டும். பின்னணிப் பொருள் கதைக்காரணம் ஆவதால், பின்னணியை வாசிக்காதவர் கதையையும் முழுமையாக வாசிக்காதவரே. மறைவுக்கு முந்தைய மூன்று நான்கு கட்டங்களின் பின்னணியைப் பட்டியலிடும் பயிற்சியை முதுகலை வகுப்பிலேயே தரலாம்.

மூன்றாவது, இழந்தது வலக்கை என்னும் செய்தி. அச்சில் ஒரு கட்டம் இடவலமாகப் புரட்டப்பட்டிருந்தால் முகத்தைப் பார்த்து அதை அறிவது கடினம். இரும்புக்கை இடப்புறம் தோன்றினாலோ உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு கட்டமும் தன் நம்பகத்தன்மைக்கான சான்றைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எதுகை பிறழ்ந்த இடத்தில் பாடம் பிறழ்ந்திருப்பதை ஊகிக்கும் பதிப்பாசிரியருக்கு இது புதிய செய்தியன்று. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் காலந்தொட்டு, பிரதிகளை அடுக்கி வேறுபாடுகளைக் குறிப்பது தமிழாய்வின் அடிப்படைப் பயிற்சியாக இருந்து வருகிறது. அப்பயிற்சியைச் சித்திரக்கதைக்கு நீட்டிக்கத் தயங்குவது, கதை ‘சிறுவர்க்குரியது’ என்னும் எண்ணத்தாலன்றி வேறு காரணத்தால் அன்று.

தொடர் நூலாகும்போது

வாரத்தொடருக்கென்று ஓர் உடலமைப்பு உண்டு. ஒவ்வொரு வாரப் பகுதியும் முன்கதையை நினைவூட்டித் தொடங்கி, ஆபத்தின் விளிம்பில் முடியும். அதை ஒரே நூலாகத் தொகுக்கும்போது நினைவூட்டும் பகுதிகள் மிகையாகிவிடுகின்றன. அவற்றை நீக்கினால் பக்க அமைப்பு குலையும். விட்டுவைத்தால் சொன்னதையே சொல்வதாகும். வேலியண்டின் பெரிய பக்கத்தைச் சிறிய நூல் வடிவுக்குக் கொண்டுவரும்போது கட்டங்களைச் சுருக்குவதோ, பிரித்து அடுக்குவதோ தவிர்க்கவியலாதது. ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக நின்ற உரையாடல் தமிழில் இருமடங்கு இடம் கேட்பதும் உண்டு. ஒரே முகபாவம் அடுத்தடுத்து இருமுறை வருவது, சில நொடிகளில் நடந்த செயல் நீண்டுபோனதாகத் தோன்றுவது ஆகியவற்றைக் காணும் ஆய்வாளர் முதலில் வாரப் பகுதிகளின் தையலைத் தேட வேண்டும். ஓவியரைக் குறைகூறுவது அதற்குப் பின்னர்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஃபிளீட்வே நிறுவனம் 1967இல் கையடக்க நூல்வரிசையொன்றைத் தொடங்கியது. அதிலும் கிராண்டல் இடம்பெற்றான். ஆனால் அவற்றை வரைந்தோர் பிளாஸ்கோ அல்லாத பிறர். அக்கால ஆங்கில வார இதழ்கள் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கமற்றவை. எனவே கை எவருடையது என்பதைக் கையைக் கொண்டே கண்டறிய வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ஜொவான்னி மொரெல்லி, ஓவியர் கவனமின்றி வரையும் காதுமடல், விரல்நகம் போன்ற சிற்றுறுப்புகளைக் கொண்டு ஓவியங்களுக்கு உரியவர் யாரென நிறுவ முயன்றார். கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் எழுதிய கட்டுரையில் அம்முறையைத் துப்பறிவோர் முறையோடு ஒப்பிட்டார். நம் கதையில் நிலைமை தலைகீழ். இரும்புக்கை எல்லா ஓவியரும் கவனத்தோடு வரைந்த உறுப்பு. எனவே அது காட்டிக்கொடுக்காது. எளிதாக வரையப்பட்ட இடக்கையைப் பார்க்க வேண்டும்.

இனி முன்னர் எழுப்பிய காலவினாவுக்கு வரலாம். வேலியண்டில் கிராண்டல் குற்றவாளியாகத் தொடங்கி, உளவாளியாகி, இடையில் சிறிது காலம் தனிச்சீருடை பூண்ட நாயகனாகவும் உலவினான். அவன் கையும் மாறிற்று. விரல்களுக்குள் ஆயுதங்கள் புகுந்தன. இது காலத்தைச் செலவழிக்கும் பாத்திரம். ‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’, ‘கொள்ளைக்கார மாயாவி’ எனத் தனித்தனித் தலைப்புகளோடு முற்றுப்பெற்ற நூல்களாக வந்தபோது, தமிழ் வாசகர் கையில் கிடைத்த நூலிலிருந்தே தொடங்கினார். எதன்பின் எது என்பது பழைய புத்தகக்கடையின் அடுக்கைப் பொறுத்ததாயிற்று. காலம் உடைய நாயகன் இவ்வாறு எக்கோ சொன்ன காலமற்ற நாயகனானான். லயன் காமிக்ஸ் வழி 1984 முதல் வந்த ‘ஸ்பைடர்’ கதைகளையும் இந்நோக்கில் ஆராயலாம். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுத வருமுன், டெட் கோவனின் கைவண்ணத்தில் அவன் குற்றவுலகை ஆள விரும்பியவனே.

ஒருவருக்கு இரு பெயர், ஒரு பெயருக்கு இருவர்

லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ‘ஃபேண்டம்’ தமிழில் வேதாளர் எனப் பெயர்பெற்றார். ராணி காமிக்ஸ் அவரையே ‘முகமூடி வீரர் மாயாவி’ என அழைத்தது. ஆகவே வாசகர் உரையாடலில் ‘மாயாவி’ என்ற சொல் இருவருக்கும் உரியதாகி, எந்தப் பதிப்பகத்தை வாசித்து வளர்ந்தவர் பேசுகிறார் என்பதைக் காட்டும் அடையாளமாகவும் ஆயிற்று. வேதாளரின் உடை நிறமும் இத்தகையதே. ஃபாக் சாம்பல் நிறத்தையே கருதியிருந்தார். 1939இல் ஞாயிறு வண்ணப்பகுதி வந்தபோது அச்சில் அது ஊதாவாயிற்று. இத்தாலியில் சிவப்பு, ஸ்காண்டிநேவிய நாடுகளில் நீலம். வலக்கையில் மண்டையோட்டு மோதிரம், இடக்கையில் நற்குறி மோதிரம் என்ற விதியே எல்லாப் பதிப்புகளிலும் ஒப்பிடத்தக்க நிலைக்கூறாக எஞ்சுகிறது.

ஒரகடத்திலிருந்து வாசித்தல்

எந்த வாசகனும் ஓர் இடத்தில் அமர்ந்தே வாசிக்கிறான். இக்கட்டுரை திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழியில் வாழும் ஒருவனின் வாசிப்பு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இலும் ஒரகடத்தில் 2010இலும் கார் உற்பத்தி தொடங்கிய பின் இப்பகுதியில் ‘இரும்புக்கை’ என்பது கற்பனைப் பொருளாக இல்லை. பற்றவைக்கும் ரோபோக்களின் கைகள் நாள்முழுதும் இயங்குகின்றன. உதிரிபாகப் பட்டறைகளில் பவர் பிரஸ் முன் நிற்பவை இன்றும் மனிதக் கைகளே. இரு பொத்தான்களை இரு கையாலும் ஒருசேர அழுத்தினால்தான் எந்திரம் இறங்கும் என்ற அமைப்பு, கை அச்சுக்குள் இல்லை என்பதை உறுதிசெய்வதற்காக ஏற்பட்டது. உற்பத்தி வேகத்துக்காக அவ்வமைப்பு முடக்கப்படும்போது போவது விரல்.

சட்டத்துக்கு அந்த இழப்பு ஓர் எண். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, ஒரு கையின் இழப்பை உழைத்து ஈட்டும் திறனில் 60 விழுக்காட்டு இழப்பாகவும், கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடாகவும் மதிப்பிட்டது. கிராண்டலும் ஒருவகையில் பணியிட விபத்தில் கையிழந்த உதவியாளனே. கதை அவ்விபத்தை விரைவாகக் கடந்து, இழப்பையே ஆற்றலாக மாற்றிவிடுகிறது. விரலுக்குள் ஆயுதம் புகப் புக, அது மாற்றுறுப்பு என்பது மறக்கப்படுகிறது. இம்மறதி கதைவரிசையில் எங்கே தொடங்குகிறது என்பதை உரையாடலைக் கொண்டு அறிய இயலாது. ஓவியத்தைக் கொண்டே அறியலாம்.

அதற்குரிய சான்று மணிக்கட்டு. அவன் மறைந்திருக்கும் கட்டங்களில் இரும்புக்கை முடியும் விளிம்பு வெளிப்படையாக நிற்கும். அவ்விளிம்புக்கு அப்பால் வெறுந்தாள். அவன் புலப்படும் கட்டங்களில் அதே விளிம்பைச் சட்டைக்கை மூடலாம், மூடாமலும் விடலாம். வேலியண்ட் பக்கங்கள் 2021இல் மறுபதிப்பு கண்டுள்ளமையால் ஒப்பீட்டுக்கு மூலம் எளிதில் கிடைக்கிறது. அவற்றையும் தமிழ் நூல்களையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, எந்தெந்தக் கட்டத்தில் அவ்விளிம்பு வரையப்பட்டுள்ளது, எதில் சட்டைக்கை மறைக்கிறது, எதில் தமிழ்ப் பதிப்பின் பேச்சுக்குமிழ் அதன்மேல் விழுந்துள்ளது என்று அட்டவணைப்படுத்தும் பணியே அடுத்து மேற்கொள்ளப்பட வேண்டியது.