28 வயதில் ‘டிஸ்க் தேய்மானம்’... பயப்பட வேண்டுமா?

கிண்டியில் ஐ.டி. வேலை. நாள் முழுக்க நாற்காலி. இடுப்பு வலிக்கிறதே என்று எம்.ஆர்.ஐ. எடுத்தால், ரிப்போர்ட்டில் ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், டிஜெனரேஷன்’ என்று வருகிறது. 28 வயசுலேயே தேய்மானமா? பகீர் என்றுதான் இருக்கும்.

ஆனால், இதையும் பாருங்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளியானது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் 96 சதவீதம். கிட்டத்தட்ட நரை மாதிரிதான்.

அப்படியென்றால் சிலருக்கு மட்டும் கால் வரை ‘சுரீர்’ என்று இழுப்பது ஏன்? ஒரு முக்கியக் காரணம், நரம்புகள் இறங்கி வரும் முதுகெலும்புக் குழாயின் அளவும் வடிவமும். ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றால் வண்டிகள் ஒதுங்கிப் போய்விடும். அதே லாரி கிண்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு சந்தில் நின்றால்? டிஸ்க் பிதுங்குவதும் அப்படித்தான்.

இந்தக் குழாய் சிலருக்கு வட்டமாக, சிலருக்கு முட்டை வடிவில் இருக்கும். சிலருக்கு, குறிப்பாகக் கடைசி இடுப்பு எலும்பான எல்5-ல், வில்வ இலை போல மூன்று மடலாக இருக்கும். இரண்டு ஓர மடல்கள் வழியாகத்தான் நரம்பு வேர்கள் போகின்றன. அந்த மூலை குறுகலாக இருந்தால் சின்னப் பிதுக்கம்கூட நரம்பை அழுத்திவிடும். குழாயின் முன்-பின் அகலம் 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ‘ஸ்டெனோசிஸ்’, அதாவது குறுக்கம். நெதர்லாந்து மருத்துவர் வெர்பீஸ்ட் 1950-களில் இதை விரிவாக விளக்கினார். குறுக்கம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நடந்தாலே கால் மரத்துப்போகும்; குனிந்தால், உட்கார்ந்தால் சரியாகும். குனியும்போது குழாய் சற்று விரிகிறது, அவ்வளவுதான்.

டிஸ்க் ஏன் தேய்கிறது? பெரியவர்களின் டிஸ்க் நடுவில் ரத்தக் குழாயே கிடையாது. மேலும் கீழும் உள்ள மெல்லிய தட்டு வழியாக ஊறி வருவதுதான் அதன் சாப்பாடு. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழு, ஊசி மூலம் மருந்து செலுத்தி, அது டிஸ்க்குக்குள் எப்படி ஊறுகிறது என்று பல மணி நேரம் தொடர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. தட்டு பழுதானால் இந்தப் போக்குவரத்தே மாறிவிடுகிறது என்று காட்டிய அந்த ஆய்வுக்கு 2004-ல் சர்வதேச விருது கிடைத்தது.

அடுத்த முறை ரிப்போர்ட்டைப் பிரித்தால் ‘பல்ஜ்’ வரியோடு நிறுத்தாமல், ‘கெனால் டயாமீட்டர்’ என்று மில்லிமீட்டரில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டாக்டரிடம் அதைக் கேளுங்கள். சிறுநீர் வராமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் திடீரென வலுவிழப்பது, இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.