ராலே என்ற பெயர் மட்டும் போதாது

வடமதுரை, அய்யலூர், எரியோடு வட்டாரத்துத் தாழ்வாரங்களில் துருவேறி நிற்கும் கறுப்பு மிதிவண்டிகளைத் தேடி அண்மைக்காலமாக வெளியூர் வியாபாரிகள் வருகின்றனர். பழைய இரும்பு விலைக்கு இங்கே கைமாறும் வண்டி, வண்ணம் பூசப்பட்டு, 'சுதந்திரத்துக்கு முந்தைய இங்கிலாந்து வண்டி' என்ற பெயரோடு நகரங்களில் பல மடங்கு விலைக்குப் போகிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வண்டியின் வயது தெரியாததே இந்த வணிகத்தின் முதல். ஒரு தரப்புக்கு மட்டுமே தகவல் தெரிந்த சந்தை எப்படி இயங்கும் என்று வகுப்பறையில் கற்பித்தவனுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

முதலில் பார்க்க வேண்டியது ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள பித்தளை முத்திரை. ஆனால் அதில் 'ராலே' என்று இருப்பதாலேயே வண்டி நாட்டிங்காமில் பிறந்ததாகிவிடாது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, அந்நிய நிறுவனங்கள் இங்கேயே கூட்டுத் தொழிற்சாலைகளை அமைத்தன. 1950-களில் ஆசன்சோல் அருகே சென்-ராலே ஆலை ராலே வண்டிகளைச் செய்தது. பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளை உருவாக்கியது. ஆகவே பெயருக்கு அடியில் உள்ள சிறிய எழுத்தே முக்கியம்: இங்கிலாந்தா, இந்தியாவா? நம் தொழிற்கொள்கையின் வரலாறு அந்த ஓர் அங்குலத் தகட்டில் இருக்கிறது.

முத்திரை உதிர்ந்திருந்தால் பெடலோடு சுழலும் பெரிய பல்சக்கரத்தைப் பார்க்கலாம். ராலேயில் கொக்குத் தலைகள், ஹம்பரில் வரிசையாக மனித உருவங்கள், ரட்ஜில் விரித்த கை. ஒன்றோடொன்று சாய்த்து வைத்த மூன்று துப்பாக்கிகள் பி.எஸ்.ஏ.யின் சின்னம், அது ஆயுதத் தொழிற்சாலையாகத் தொடங்கிய நிறுவனம். இருப்பினும் பல்சக்கரத்தை எவரும் கழற்றி மாட்டலாம். மரையை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. நாட்டிங்காம் ராலேயின் மிதி அச்சைத் தாங்கும் பகுதியில் அங்குலத்துக்கு 26 மரைகள். பிற பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் 24. உள்ளூர்க் கிண்ணம் மரை ஏறாமல் அடம்பிடித்தால் பழைய மெக்கானிக்குக் காரணம் புரிந்துவிடும்.

வயதைக் கண்டறிய, வண்டியில் கியர் இருப்பது நல்வாய்ப்பு. ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகப் பின்சக்கரக் குடத்தில் ஆண்டின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தவற்றில் மாதமும் உண்டு. 56 என்றும் 3 என்றும் இருந்தால் அது 1956 மார்ச். நம் ஊர் வண்டிகளில் கியர் அரிது என்பதுதான் சிக்கல்.

வடமதுரையில் உறவினர் ஒருவர், தம் தாத்தா 1940-இல் வாங்கியதாகக் கூறி ஒரு வண்டியைக் காட்டினார். சட்டத்தின் கழுத்தில் ஒட்டியிருந்த முத்திரையின் விளிம்பைத் துடைத்தபோது 'மேட் இன் இந்தியா' தெரிந்தது. ராலே முத்திரையோடு இந்தியாவில் செய்யப்பட்ட வண்டி 1940-ஐச் சேர்ந்ததாக இருக்க முடியாது. அவர் முகம் வாடியது. தாத்தா முதலில் வேறொரு வண்டி வைத்திருந்திருக்கலாம். குடும்ப நினைவில் இரண்டும் ஒன்றாகியிருக்கலாம்.

உள்ளூர்ச் சான்றுகளை நாம் மதிப்பதில்லை. உள்ளாட்சிகள் வரி வசூலித்து வழங்கிய உலோக வில்லையில் ஆண்டு இருக்கும். வண்டி அந்த ஆண்டுக்குப் பிற்பட்டதன்று என்பதற்கு அது சாட்சி. செய்த ஆண்டுக்குச் சாட்சியன்று. மட்கார்டில் விற்பனைக் கடையின் பெயரோடு 'மதுரை மாவட்டம்' என்று இருந்தால், திண்டுக்கல் தனி மாவட்டமான 1985-க்கு முந்தையதாகக் கருத இடமுண்டு. பழைய தகடுகளைக் கடைக்காரர் தீரும்வரை பயன்படுத்தியிருப்பார் என்பதால் ஓரிரு ஆண்டுகள் கூடக் குறைய இருக்கலாம்.

வியாபாரி முதலில் பிடுங்கி எறிவது இந்த வில்லைகளையும் தகடுகளையுமே. வண்ணம் பூசுவதற்கு முன், இருக்கைக்குக் கீழும் மிதி அச்சின் அடியிலும் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, சட்டத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பின் அந்த எண் மங்கிவிடும்.