பாறைக் கோளும் வளிக் கோளும்

மதுரைக்கு வடகிழக்கே யானைமலை என்னும் பெரும்பாறை, படுத்திருக்கும் யானைபோல் காட்சியளிக்கின்றது. அதன் அருகே நின்று இரவு வானை நோக்கின், செவ்வாயும் வியாழனும் ஒளிப்புள்ளிகளாகவே தோன்றும். இயல்பிலோ அவை பெரிதும் வேறுபட்டவை. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் ஆகியன அம்மலையைப்போல் கால் ஊன்றத்தக்க பாறைக் கோள்கள். வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியம் என்னும் வளிகளால் ஆனவை. அங்குக் கால் ஊன்றத் தரையில்லை.

காரணம் யாது? கோள்கள் தோன்றிய காலத்தில், கதிரவனுக்கு அருகே வெப்பம் மிகுந்திருந்தமையால் பாறையும் உலோகமுமே திரண்டன. குளிர்ந்த தொலைவிலோ, பனிக்கட்டியும் சேர்ந்து பெருந்திரள்கள் உருவாகி, சூழ்ந்திருந்த வளியை ஈர்த்துப் பருத்தன. சனியின் நிறை பூமியின் நிறையைப்போல் 95 மடங்கு. எனினும் அதன் சராசரி அடர்த்தி நீரினும் குறைவு. உருவில் சிறிதாயினும், மனிதர் ஊன்றி வாழ நிலம் தந்தது பாறைக் கோளாகிய பூமியே.