பூசணிக்குப் பூச்சி மண்ணிலிருந்துதான் வருகிறது

பூசணிக் கொடியில் பூச்சி வந்தா என்ன பண்ணலாம்னு இணையத்தில் தேடினால், பெரும்பாலும் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் எழுதியதுதான் வந்து நிற்கும். தண்டைத் துளைக்கும் புழு, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி என்று அவர்கள் பயமுறுத்தும் இரண்டும் நம்ம ஊர் ஆளுங்க இல்லை. பூசணி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். பரங்கிக்காய் என்ற பெயரே அதைச் சொல்லிவிடும். ஆனால் இங்கே அதைத் தின்கிறவை இந்தப் பக்கத்துப் பூச்சிகள். அவற்றின் பிழைப்பு வேறு, அதனால் வைத்தியமும் வேறு. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீட்டுக் கொல்லைகளில் பார்த்ததையும், படித்துக் குறித்து வைத்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முக்கியமான எதிரிகள் இரண்டு பேர். ஒருவர் சிவப்புப் பூசணி வண்டு, இன்னொருவர் பழ ஈ. அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் வரும்தான். ஆனால் கொடியையே சாகடிப்பது வண்டு, காயைக் கெடுப்பது ஈ. இரண்டுக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு உண்டு: வாழ்க்கையில் ஒரு பகுதியை இரண்டுமே மண்ணுக்குள் கழிக்கின்றன. இலையைப் பார்த்து மருந்து அடிச்சா பாதிப் பூச்சிக்குத்தான் போய்ச் சேரும்.

முதலில் வண்டு. ஆரஞ்சு கலந்த சிவப்பு, அரை அங்குலத்துக்கும் குறைவான நீளம். விதை முளைத்து இரண்டு இலை விட்ட உடனே வந்துவிடும். வித்திலையைச் சல்லடையாக்கிவிட்டால் அந்த நாற்று தேறாது. பெண் வண்டு தண்டுக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் முட்டையிடும். புழு வேரைத் தின்னும், மண்ணில் கிடக்கும் காயையும் அடியிலிருந்து துளைக்கும். கூட்டுப்புழுவாக மாறுவதும் மண்ணுக்குள்ளேதான்.

ஆகவே காவல் தேவைப்படுவது முதல் மூன்று வாரம். நாற்று நாலைந்து இலை விடும்வரை பழைய கொசுவலையைக் குச்சி நட்டு மூடிவைத்தாலே போதும். ஓரத்தில் மண் அணைக்க வேண்டும். விடியற்காலையில் வண்டு மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் கையாலேயே பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். வெயில் ஏறிட்டா கை பட்டதும் பறந்துடும். பனி ஈரம் இருக்கும்போதே இலைமேல் விறகுச் சாம்பல் தூவுவது பாட்டிமார் கைவைத்தியம். மழை பெய்தால் மறுபடி தூவணும். குழி எடுக்கும்போது ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள். காய்ப்பு முடிந்ததும் கொடியைப் பிடுங்கி மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், மைனாவும் கோழியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இனி பழ ஈ. பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். பிஞ்சு அழுகி விழும். புழு அதிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூடு கட்டும். புழு காய்க்குள்ளே இருக்கும்போது மேலே எதை அடித்தும் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை: விழுந்த பிஞ்சு எல்லாம் ஈ குத்தியது இல்லை. பிஞ்சை நறுக்கிப் பாருங்கள். புழு இருந்தால் ஈயின் வேலை. புழு இல்லாமல் சுருங்கி மஞ்சளாகியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. காலையில் சில மணி நேரம்தான் விரிந்திருக்கும், தேனீ வந்தால்தான் காய். காலையில் மருந்து அடிக்கிறவர் தேனீயை விரட்டிவிட்டு, காய் நிக்கலையேன்னு மறுபடி மருந்து அடிப்பார். மார்கழியில் சாணி உருண்டையில் செருகப் பூ பறிக்கும்போதும் கவனம் தேவை. அடியில் குட்டிக் காய் உள்ளது பெண் பூ, அதைத் தொடாதீர்கள். ஆண் பூவிலும் தினம் சிலதைக் கொடியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

ஈக்கு நான் நம்புவது மூன்று வழி. பூ வாடிப் பிஞ்சு பிடித்த இரண்டு மூன்று நாளில் காகிதப் பையாலோ பழைய வேட்டித் துணியாலோ மூடிக் கட்டுவது முதல் வழி. இரண்டாவது கருவாட்டுப் பொறி. வேளாண் பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரையில் ஈரமான கருவாட்டுத் தூள் 5 கிராமோடு பஞ்சில் டைகுளோர்வாஸ் நனைத்து வைக்கச் சொல்வார்கள். அந்த மருந்துக்கு 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. அது தேவையும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பக்கம் ஓட்டை போட்டு, கருவாட்டுத் தூளும் சோப்புத் தண்ணீரும் ஊற்றித் தொங்கவிட்டால் ஈ உள்ளே போய் மூழ்கும். பெண் ஈயும் வரும் என்பது இதன் பலம். கடையில் இனக்கவர்ச்சிப் பொறி வாங்குவதானால் 'கியூலூர்' என்று கேட்டு வாங்குங்கள். மாமரத்துக்கு விற்கும் மீதைல் யூஜினால் பொறிக்கு இந்த ஈ வராது.

மூன்றாவது, விழுந்த பிஞ்சைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது. குப்பை மேட்டில் வீசினால் புழுவுக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி.

வேப்பங்கொட்டைக் கரைசல் இவை எல்லாவற்றுக்கும் துணை. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் சோப்பு கலந்து, சாயங்காலம் தெளிக்கணும். அதிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். உடனே சாகலையேன்னு கவலைப்பட வேண்டாம்; பூச்சியின் பசியையும் வளர்ச்சியையும் கெடுப்பதுதான் அதன் வேலை.

இதெல்லாம் ஒரு வீட்டோடு முடிகிற காரியமா என்றால், வண்டைப் பொறுத்தவரை ஓரளவு ஆமாம், ஈயைப் பொறுத்தவரை இல்லை. ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் இதே ஈ பரவியதால் அங்கு விளைந்த பாகற்காயை மற்ற பகுதிகளுக்கு அனுப்பத் தடை இருந்தது. 1970-களில் தொடங்கி, மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, 1993-ல் முழுமையாக ஒழித்தார்கள். தீவு தீவாக முடித்ததால்தான் அது நடந்தது. நமக்குக் கடல் வேலி இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. ஆனால் நெசவுத் தெருவில் கொல்லைக்குக் கொல்லை ஒட்டியே இருக்கிறது. ஒரு வீட்டில் புதைக்காமல் விட்ட பத்துப் பிஞ்சு, அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் பக்கத்து வீட்டுக் காய்க்கு வந்து சேரும். அடுத்த ஆடிப்பட்டத்தில் விதை ஊன்றும் முன்னால், அக்கம்பக்கத்து நாலு வீட்டில் பேசி, பிஞ்சு புதைக்க ஒரு பொதுக் குழி வெட்டி வையுங்கள். மருந்துக்கடைக்குப் போகும் செலவு அதிலேயே பெரும்பாலும் மிச்சமாகும்.